நள்ளிரவில் வடக்கே ஒரு நெருப்புக் கோடு: படத்தில் ஏன் இரண்டு இடத்தில் அறுந்திருக்கிறது?

#1 உப்பங்கழி
23 அக்டோபர் 2022, அதிகாலை 3:12

எல்லோருக்கும் வணக்கம். தூக்கம் வரவில்லை, அதனால் சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன்.

அமாவாசைக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது, நிலாத் தொல்லை இருக்காது என்று நட்சத்திரத் தடம் எடுக்கக் கடப்பாக்கம் பக்கம் ஆலம்பரைக் கோட்டைக்குப் போயிருந்தேன். தீபாவளிக்கு ஊருக்குப் போகிற கார் கூட்டத்தில் மாட்டி, போய்ச் சேரவே பத்து மணி தாண்டிவிட்டது. கோட்டைக்கு வெளியே கழியோரம் ட்ரைபாடை ஊன்றி, கேமராவை வடக்கே திருப்பி வைத்தேன். துருவ நட்சத்திரம் அங்கே 12 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டி முஷ்டி மடக்கினால், அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டிக்குக் கொஞ்சம் மேலே. அதைச் சுற்றி மற்ற நட்சத்திரங்கள் வளையம் வளையமாக வரும் என்று கணக்கு. 16 மிமீ லென்ஸ், எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600, ஒரு படத்துக்கு 30 நொடி. படங்கள் அடுத்தடுத்துத் தானாக விழும்படி ரிமோட்டைப் பூட்டிவிட்டு, பாயை விரித்து உட்கார்ந்துவிட்டேன்.

பன்னிரண்டு மணி தாண்டிக் கொஞ்ச நேரம். சென்னையின் மங்கல் வெளிச்சம் வடக்கே எப்போதும் இருக்கும். அதற்கு நடுவில் ஓரிடம் மட்டும் ஆரஞ்சு நிறமாக உப்பியது. பட்டாசுக் கடை எங்கேயோ பற்றிக்கொண்டது என்றுதான் நினைத்தேன். போனைக் கையில் எடுத்தேன், யாருக்குச் சொல்வது என்று தெரியவில்லை. அதற்குள் அந்த வெளிச்சத்துக்குள்ளிருந்து ஒரு தீப்பந்து மேலே ஏறி வந்தது. வால் இல்லை, சத்தம் இல்லை. கழியோரம் படுத்திருந்த நாய்கூடத் தலையைத் தூக்கவில்லை. பந்து வலப்பக்கமாகச் சாய்ந்துகொண்டே ஏறியது.

நான் எழுந்து நின்று கத்தியிருக்கிறேன் போல. படகில் படுத்திருந்த பெரியவர் ஒருவர் போர்வையை விலக்கி எட்டிப் பார்த்தார். "ஷார்ல ராக்கெட்டு உட்றாங்க தம்பி. இதுக்கா இந்தக் குதி குதிக்கிற?" என்று கேட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். ஐந்து நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. அப்புறம்தான் போனில் தேடிப் பார்த்தேன்: இஸ்ரோவின் எல்விஎம்3 ராக்கெட், 12:07க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து. பெரியவர் சொன்ன ஷார் அதுதான்.

வீட்டுக்கு வந்து 40 படங்களையும் அடுக்கி ஒன்றாக்கினேன், இணைத்திருக்கிறேன். கேள்வி இதுதான். கண்ணுக்குத் தெரிந்தது ஒரே தொடர்ச்சியான தீ. படத்தில் கோடு இரண்டு இடத்தில் அறுந்து கிடக்கிறது. அடிவானத்தில் நகத்துண்டு போல ஒரு கீற்று, பிறகு இடைவெளி. நடுவில் தடித்த ஆரஞ்சுக் கோடு, மறுபடி இடைவெளி. மேலே நூல் மாதிரி மெல்லிய வெளிர்க் கோடு. ஏன் இப்படி?

#2 வெடி_வேலு
23 அக்டோபர் 2022, காலை 7:40

பட்டாசு வெடிக்கக் காலை ஆறு முதல் ஏழு, மாலை ஏழு முதல் எட்டு என்றுதானே உத்தரவு? நள்ளிரவு 12:07க்கு ராக்கெட் விட்டவர்கள் மேல் யாராவது வழக்குப் போட்டார்களா?

படம் பிரமாதம் அண்ணே. அந்தப் பெரியவரையும் ஒரு படம் எடுத்திருக்கலாம்.

#3 கணக்கு_வாத்தியார்
23 அக்டோபர் 2022, காலை 9:05

கோடு ஏன் அடிவானத்தில் சட்டென்று தொடங்குகிறது என்று யாராவது கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஆலம்பரையிலிருந்து ஏவுதளம் நேர்கோட்டில் சுமார் 163 கிலோமீட்டர். பூமி வளைந்திருப்பதால் அங்கே தரையில் இருப்பது உங்களுக்குத் தெரியாது. எவ்வளவு உயரம் வந்தால் தெரியும் என்பதற்கு எட்டாம் வகுப்புக் கணக்கு போதும்: தூரத்தை அதே தூரத்தால் பெருக்கி, பூமியின் விட்டமான 12,742ஆல் வகுக்க வேண்டும். 163 × 163 = 26,569. வகுத்தால் 2.1 கிலோமீட்டர். அதாவது ராக்கெட் இரண்டு கிலோமீட்டர் ஏறிய பிறகுதான் உங்களுக்குத் தலைகாட்டியிருக்கும். நீங்கள் முதலில் பார்த்த ஆரஞ்சு உப்பல், அடிவானத்துக்குக் கீழே இருந்த தீ மேலேயுள்ள தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறிய வெளிச்சம்.

இடைவெளி பற்றி எனக்குத் தெரியாது. அது கேமராக்காரர்கள் பாடு.

#4 ராக்கெட்தாசன்
23 அக்டோபர் 2022, காலை 10:22

இதில் என்ன குழப்பம் அண்ணா? எல்விஎம்3 கிளம்பும்போது நடு எஞ்சின் எரியாது. இரண்டு பக்கமும் இருக்கிற எஸ்200 பூஸ்டர்கள் மட்டும்தான் தூக்கும். அவை எரிந்து முடிந்த பிறகு நடுவில் இருக்கிற எல்110 எரியும். ஒன்று அணைந்து அடுத்தது பற்றுகிற நேரம்தான் உங்கள் இடைவெளி. தடித்த கோடு பூஸ்டர், மெல்லிய கோடு எல்110. அச்சு அசலாகப் பொருந்துகிறது. இந்தப் படத்தைக் கல்லூரியில் பாடமாகவே வைக்கலாம்.

#5 உப்பங்கழி
23 அக்டோபர் 2022, காலை 10:41

அடடா, அப்படியா! இவ்வளவு சுலபமாக விடை கிடைக்கும் என்று நினைக்கவில்லை. தம்பிக்கு நன்றி. பெரிதாக பிரிண்ட் போட்டுக் கூடத்தில் மாட்டப் போகிறேன், கீழே "பூஸ்டர் அணைந்த கணம்" என்று எழுதி.

#6 வானோடி
23 அக்டோபர் 2022, பகல் 12:15

மாட்டுங்கள், ஆனால் அந்த வரியை மட்டும் எழுதிவிடாதீர்கள்.

ராக்கெட்தாசன் சொன்னதில் பாதி சரி. கிளம்பும்போது பூஸ்டர்கள் மட்டும்தான் எரியும், உண்மை. ஆனால் எல்110 பற்றுவது பூஸ்டர்கள் அணைந்த பிறகு அல்ல. கிளம்பி ஏறத்தாழ 110 நொடியில், பூஸ்டர்கள் எரிந்துகொண்டிருக்கும்போதே பற்றிவிடும். இரண்டும் சேர்ந்து கொஞ்ச நேரம் எரியும். இரண்டு நிமிடம் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு நொடியில்தான் பூஸ்டர்கள் கழலும். எஞ்சினே எரியாத நேரம் என்று அங்கே எதுவும் கிடையாது. 640 டன்னில் கிளம்பிய வண்டி, எந்த எஞ்சினும் இல்லாமல் அந்தரத்தில் காத்துக்கொண்டிருக்குமா?

இன்னொன்று. இரண்டாவது இடைவெளிக்கு இந்தக் கதை சொல்லலாம். முதலாவதுக்கு? அது அடிவானத்துக்குப் பக்கத்தில், ராக்கெட் கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகாத கட்டத்தில் இருக்கிறது. அப்போது பூஸ்டர்கள் முழு மூச்சாக எரிந்துகொண்டிருக்கும். அங்கே எது அணைந்தது?

#7 ராக்கெட்தாசன்
23 அக்டோபர் 2022, பகல் 12:50

முதல் இடைவெளி மேகமாக இருக்கலாம் அக்கா. வங்கக் கடலில் புயல்சின்னம் இருக்கிறது, மேகம் இல்லாமலா?

#8 பாதி_டிக்கெட்
23 அக்டோபர் 2022, பகல் 1:30

ராக்கெட் என்று யார் சொன்னது? மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானமாக இருக்கும். விட்டு விட்டு எரிகிற விளக்கு, விட்டு விட்டுக் கோடு. இல்லாவிட்டால் கம்ப்யூட்டரில் ஒட்டியது.

#9 உப்பங்கழி
23 அக்டோபர் 2022, பகல் 1:44

ஒட்டத் தெரிந்திருந்தால் முழுசாகவே ஒட்டியிருப்பேனே ஐயா, ஏன் அறுந்த கோட்டை ஒட்டி உங்களிடம் வந்து விளக்கம் கேட்கிறேன்?

விமானத் தடமும் அதே படத்தில் இருக்கிறது, இடது மூலையில் பாருங்கள். அது சிவப்பு வெள்ளைப் புள்ளிகளாகத் தையல் போட்டது போல இருக்கும்.

#10 இருட்டறை
23 அக்டோபர் 2022, மாலை 4:18

மேகமும் இல்லை, பூஸ்டரும் இல்லை. ராக்கெட்டை விடுங்கள், நட்சத்திரங்களைப் பாருங்கள்.

படத்தின் வலது ஓரத்தை நன்றாகப் பெரிதாக்குங்கள். துருவத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நட்சத்திரங்கள் நகர்வதே தெரியாது, அதனால் அங்கே பார்த்துப் பயனில்லை. ஓரத்தில் இருப்பவை வேகமாக நகரும். அந்தக் கோடுகள் முழுசாக இருக்கின்றனவா? இல்லை. ஒவ்வொன்றும் சின்னச் சின்னத் துண்டாக, எறும்பு வரிசை மாதிரி இருக்கிறது. துண்டு எவ்வளவு நீளமோ இடைவெளியும் அவ்வளவு நீளம். நட்சத்திரம் எதுவும் 30 நொடிக்கு ஒரு தடவை பூஸ்டரை அணைத்துக்கொள்வதில்லை.

உங்கள் கேமராவில் "லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன்" என்று ஒரு மெனு இருக்கும். அது ஆனில் இருக்கிறதா பாருங்கள். ஆனில் இருந்தால், 30 நொடி படம் எடுத்த பிறகு, ஷட்டரை மூடிக்கொண்டு இன்னொரு 30 நொடி வெறும் இருட்டைக் கேமரா படம் எடுக்கும். சென்சாரில் சூடேறித் தானாக மினுக்குகிற புள்ளிகள் அந்த இருட்டுப் படத்திலும் அதே இடத்தில் வரும். முதல் படத்திலிருந்து இதைக் கழித்துவிட்டால் அந்தப் புள்ளிகள் போய்விடும். நல்ல வசதிதான், ஒற்றைப் படத்துக்கு. நட்சத்திரத் தடத்துக்கு எமன். பாதி நேரம் கேமரா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

#11 உப்பங்கழி
23 அக்டோபர் 2022, மாலை 4:55

ஆனில் இருக்கிறது. :(

போன வாரம் மைத்துனன் கல்யாண மண்டப விளக்கு எடுக்கிறேன் என்று கேமராவை வாங்கிக்கொண்டு போனான். அவன் வேலை. இல்லை, திருப்பி வாங்கியபோது பார்க்காதது என் வேலை.

நேற்று ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் பின்பக்கச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கார்டு மெதுவானது போல என்று நினைத்துக்கொண்டேன். மண்டையில் ஏறவே இல்லை. ராக்கெட் ஏறுகிற நேரத்தில் கேமராப் பக்கம் திரும்பியாவது பார்த்திருந்தால்...

#12 இருட்டறை
23 அக்டோபர் 2022, மாலை 5:10

பார்த்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது, ராக்கெட்டைப் பார்க்காமல் மெனுவை நோண்டிக்கொண்டிருந்திருப்பீர்கள். நீங்கள் செய்ததுதான் சரி.

படம் ஒவ்வொன்றும் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று எக்ஸிஃபில், அதாவது படக் கோப்போடு கேமரா எழுதி வைக்கிற விவரத்தில் இருக்கும். ராக்கெட் விழுந்த மூன்று படங்களின் நேரத்தையும் சொல்லுங்கள்.

#13 உப்பங்கழி
23 அக்டோபர் 2022, மாலை 5:32

12:09:50, 12:10:51, 12:11:52.

#14 ராக்கெட்தாசன்
23 அக்டோபர் 2022, மாலை 5:40

12:07க்குக் கிளம்பிய ராக்கெட் 12:09:50க்குத்தான் அடிவானத்தில் தெரிந்ததா? இரண்டே முக்கால் நிமிடத்தில் அது எங்கேயோ போயிருக்குமே. வாத்தியார் கணக்குப்படி இரண்டு கிலோமீட்டர் ஏறினால் போதும். எங்கேயோ இடிக்கிறது.

#15 இருட்டறை
23 அக்டோபர் 2022, மாலை 5:48

கேமரா கடிகாரம் யாருக்கும் சரியாக ஓடியதில்லை. போனில் நொடி காட்டுகிற கடிகாரத்தைத் திறந்து, அதை உங்கள் கேமராவால் ஒரு படம் எடுங்கள். படத்தில் தெரிகிற நேரத்துக்கும் எக்ஸிஃப் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் பிழை.

#16 உப்பங்கழி
23 அக்டோபர் 2022, மாலை 6:20

கேமரா 2 நிமிடம் 40 நொடி வேகமாக ஓடுகிறது. கழித்துவிட்டால், முதல் படம் 12:07:10 முதல் 12:07:40 வரை. இரண்டாவது 12:08:11 முதல் 12:08:41 வரை. மூன்றாவது 12:09:12 முதல் 12:09:42 வரை. அதற்குப் பிறகு வந்த இரண்டு படங்களிலும் ஏதோ மங்கலாக இருக்கிறது, அடுக்கியதில் அது காணாமல் போய்விட்டது.

#17 வானோடி
23 அக்டோபர் 2022, இரவு 8:05

இப்போது எல்லாம் கச்சிதமாக உட்கார்கிறது.

முதல் படம், கிளம்பி 10 முதல் 40 நொடி வரை. அதில் கடைசிச் சில நொடிதான் ராக்கெட் அடிவானத்துக்கு மேலே. அதனால்தான் நகத்துண்டு அளவு. இரண்டாவது, 71 முதல் 101 நொடி வரை. பூஸ்டர்கள் மட்டும் எரிகிற நேரம், தடித்த கோடு. மூன்றாவது 132ல் தொடங்குகிறது. பூஸ்டர்கள் கழலுகிற நேரமும் அதை ஒட்டித்தான். எல்110 பற்றியதும், இரண்டும் சேர்ந்து எரிந்ததும் கேமரா கண்ணை மூடியிருந்த அந்த 30 நொடிக்குள்ளேயே நடந்து முடிந்திருக்கிறது. ராக்கெட்தாசன் ஏமாந்ததில் ஆச்சரியமே இல்லை. இடைவெளி வந்த காரணம்தான் வேறு, வந்த இடம் அவர் சொன்ன இடம்தான்.

நிறம் மாறியதற்கு அவர் சொன்னது சரி. ஒவ்வொரு பூஸ்டரிலும் 200 டன்னுக்கு மேல் திட எரிபொருள், அதில் அலுமினியத் தூள் கலந்திருக்கும். கம்பி மத்தாப்பு கண்ணைக் கூசுகிறதே, அதிலும் அலுமினியம்தான். எல்110ல் இருப்பவை விகாஸ் எஞ்சின்கள், திரவ எரிபொருள். அந்தத் தீ கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரி. அதற்கும் மேலே உள்ள கிரையோஜெனிக் அடுக்கில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும். நீங்கள் நின்ற இடத்திலிருந்து அது தெரிய வாய்ப்பே இல்லை. "ஐந்து நிமிடத்துக்குள் முடிந்தது" என்றீர்களே, எல்110 கழலுகிற நேரமும் ஏறக்குறைய அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ராக்கெட் இதற்குமுன் நான்கு முறை பறந்திருக்கிறது. 2014, 2017, 2018, அப்புறம் 2019ல் சந்திரயான்-2. நான்கும் பகல் வெளிச்சத்தில். இருட்டில் கிளம்பியது இதுதான் முதல் முறை. தெரியாமல் போய் அதைப் பார்த்திருக்கிறீர்கள், கொடுத்து வைத்தவர்.

#18 உப்பங்கழி
23 அக்டோபர் 2022, இரவு 9:30

நன்றி அக்கா. மூன்றாவது படத்தை மட்டும் தனியாகத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். மெல்லிய கோடு தொடங்குகிற இடத்தில், அதற்குக் கொஞ்சம் கீழே, இரண்டு மங்கலான ஆரஞ்சுப் புள்ளிகள் இருக்கின்றன. புள்ளி என்று சொல்ல முடியாது, அரிசி நொய் மாதிரி கொஞ்சம் நீண்டு இருக்கின்றன. வெட்டி எடுத்து இணைத்திருக்கிறேன். கழன்ற பூஸ்டர்களா? இல்லை, சென்சார் சூட்டில் வருகிற புள்ளிகளா?

#19 இருட்டறை
23 அக்டோபர் 2022, இரவு 9:41

சூட்டுப் புள்ளியாக இருக்க வாய்ப்பில்லை. அதைத்தான் உங்கள் நாய்ஸ் ரிடக்‌ஷன் கழித்துவிட்டதே!

#20 வானோடி
23 அக்டோபர் 2022, இரவு 9:58

:)

பூஸ்டர்கள்தான். இடம், நேரம், எண்ணிக்கை மூன்றும் ஒத்துப்போகின்றன. கழன்ற பிறகும் உள்ளே மிச்சம் மீதி கொஞ்ச நேரம் கனன்றுகொண்டிருக்கும். மைத்துனனைத் திட்ட வேண்டாம்.

#21 ராக்கெட்தாசன்
23 அக்டோபர் 2022, இரவு 10:15

சரி அக்கா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தடித்த கோடு, மெல்லிய கோடு பற்றி நான் சொன்னது சரி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

உள்ளே என்ன போனது என்று யாருமே எழுதவில்லையே. செயற்கைக்கோள் வழி இணையம் தருகிற ஒன்வெப் நிறுவனத்தின் 36 செயற்கைக்கோள்கள், மொத்தம் 5,796 கிலோ. எல்விஎம்3க்கு இதுதான் முதல் வணிகச் சவாரி. ரஷ்யாவின் சோயூஸ் ராக்கெட்டில் போக வேண்டியவை. உக்ரைன் போர் வந்ததும் மார்ச்சில் அந்த ஏற்பாடு முறிந்து, கடைசியில் நம் பக்கம் வந்தார்கள்.

#22 பழவேற்காட்டான்
24 அக்டோபர் 2022, காலை 11:20

தீபாவளி வாழ்த்துகள். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு இப்போதுதான் இழையைப் படித்தேன்.

நீங்கள் சத்தமே இல்லாத ராக்கெட்டைப் பார்த்திருக்கிறீர்கள். எங்கள் ஊரில் ஆள் ராக்கெட்டை மறந்து உள்ளே போன பிறகு சத்தம் வரும். ஏவுதளம் எங்களுக்கு 35 கிலோமீட்டருக்கு உள்ளேதான். வெளிச்சம் உடனே தெரிந்துவிடும். பிறகு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஒன்றுமே இருக்காது. புதிதாக வந்தவர்கள் "அவ்வளவுதானா?" என்று கேட்டுக்கொண்டு வண்டியை எடுப்பார்கள். அப்போது ஏரிப் பக்கமிருந்து ஒரு உறுமல் வரும் பாருங்கள். இடிச் சத்தம் மாதிரி ஒரே அடியாக இருக்காது, அடித்துக்கொண்டே இருக்கும். ஜன்னல் கம்பி நடுங்கும், தகரக் கூரை கடகட என்று ஆடும். எங்கள் பாட்டி அந்த நேரத்தில் அடுக்கில் இருக்கிற பித்தளைச் செம்பைக் கையால் பிடித்துக்கொள்வார். எப்போதோ ஒருமுறை விழுந்திருக்கிறது.

ஏவுகிற நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுவார்கள். அந்தப் பெரியவர் திரும்பிப் படுத்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை. உங்களுக்கு அது வானவேடிக்கை, எங்கள் ஆட்களுக்கு ஒரு நாள் கூலி.

#23 கணக்கு_வாத்தியார்
24 அக்டோபர் 2022, பகல் 12:02

ஒலி மூன்று நொடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். 33, 34 கிலோமீட்டருக்கு 100 நொடி. பாட்டிக்குச் செம்பைப் பிடிக்கத் தாராளமாக நேரம் இருக்கிறது.

#24 வடமராட்சியான்
26 அக்டோபர் 2022, இரவு 7:15

நான் பருத்தித்துறையில் இருந்து எழுதுறன். இரவிலே விடுற ராக்கெட்டுகளை நாங்களும் சில நேரம் பார்த்திருக்கிறம். வெளிச்சவீட்டுப் பக்கம் கடற்கரையில் நின்றால் வடக்கே வெறும் கடல்தான், மறைக்க ஒரு தென்னைகூட இல்லை. கடலுக்குள் இருந்தே ஒரு நட்சத்திரம் எழும்பி வாற மாதிரி இருக்கும். பிறகு வலப்பக்கமாக, கிழக்கு நோக்கிச் சரிஞ்சு போகும்.

சின்ன வயதில் அதைக் கண்டால் முதலில் பதுங்கு குழிப் பக்கம்தான் கால் போகும். வானத்தில் வெளிச்சம் எண்டால் எங்களுக்கு அப்போது வேறை அர்த்தம். பகிடியாகச் சொல்லேல்லை. இப்ப என்ரை மகள் போனைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுறாள்.

வாத்தியார் அய்யா, எங்களுக்கு எவ்வளவு உயரத்தில் தெரியும்?

#25 கணக்கு_வாத்தியார்
26 அக்டோபர் 2022, இரவு 8:30

உங்களுக்கு ஏறத்தாழ 433 கிலோமீட்டர். பெருக்கி வகுத்தால் 14.7. ஏறக்குறைய 15 கிலோமீட்டர் ஏறிய பிறகுதான் கடல்மட்டத்துக்கு மேல் தெரியும். பயணிகள் விமானம் பறக்கிற உயரத்தைவிட அதிகம்.

அது உங்கள் தலைக்கு மேல் வராமல் வலப்பக்கம் சரிவதற்கும் காரணம் இருக்கிறது. துருவப் பாதைக்கு, அதாவது வட, தென் துருவங்களுக்கு மேலாகப் பூமியைச் சுற்றுகிற பாதைக்குப் போகிற ராக்கெட் நேராகத் தெற்கே போனால் இலங்கைக்கு மேல் பறக்க வேண்டியிருக்கும். அதனால் முதலில் தென்கிழக்கே போய், தீவைத் தாண்டிய பிறகுதான் தெற்கே திரும்பும். அப்படி வளைவதற்கு எரிபொருள் கொஞ்சம் வீணாகிறது.

மகளைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

#26 ஹூக்ளிக்_கரை
16 டிசம்பர் 2022, காலை 8:50

பழைய இழையைக் கிளறுவதற்கு மன்னிக்கவும். நான் வேலை நிமித்தம் கொல்கத்தாவில் இருக்கிறேன். நேற்று மாலை இங்கே தெற்கு வானத்தில் டார்ச் அடித்தது போல ஒரு வெளிச்சம், விசிறி மாதிரி விரிந்து சில நிமிடம் நின்றது. அலுவலகத்தில் பாதிப் பேர் பறக்கும் தட்டு என்றார்கள். ஒடிசா கரையிலிருந்து அக்னி-5 ஏவுகணையைச் சோதித்திருக்கிறார்கள் என்று பிறகு செய்தி வந்தது. உப்பங்கழி பார்த்தது கோடு, நான் பார்த்தது விசிறி. ஏன்?

#27 வானோடி
16 டிசம்பர் 2022, பகல் 1:10

நேரம்தான் காரணம். நீங்கள் நின்ற இடத்தில் சூரியன் மறைந்திருந்தது. ஆனால் நூறு இருநூறு கிலோமீட்டர் உயரத்தில் வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அங்கே காற்று அநேகமாக இல்லை என்பதால் புகை கட்டுப்பாடில்லாமல் விரியும், அதன்மேல் வெயில் பட்டு ஒளிரும். விடிவதற்கு முன்பும் அந்தி சாய்ந்த பிறகும் கிளம்புகிறவற்றில்தான் இந்த அழகு உண்டு. நள்ளிரவில் மேலேயும் இருட்டு, தீ மட்டும்தான் தெரியும். படம் எடுத்தீர்களா?

#28 ஹூக்ளிக்_கரை
16 டிசம்பர் 2022, பகல் 1:25

போன் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுக்கத் தோன்றவே இல்லை.

#29 உடன்குடி_கருப்பட்டி
29 பிப்ரவரி 2024, காலை 6:45

நேற்று எங்கள் பக்கம் குலசேகரப்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டிவிட்டார்கள். சின்ன ராக்கெட்டுகளுக்கான தளமாம். வாத்தியார் 2022ல் எழுதினாரே, இலங்கையைச் சுற்றி வளைகிற கதை; இங்கிருந்து விட்டால் நேரே தெற்கே போகலாம், வளைய வேண்டாம். தசராவுக்கு வேஷம் கட்டுகிற ஊருக்கு இனி வருஷம் முழுக்கத் திருவிழாதான். உப்பங்கழி அண்ணன் கேமராவைத் துடைத்து வைக்கட்டும். தங்க இடம் என் பொறுப்பு.

#30 உப்பங்கழி
31 டிசம்பர் 2024, காலை 9:20

நேற்று இரவு மறுபடி போனேன். இந்தத் தடவை தெரிந்தே. பிஎஸ்எல்வி-சி60 ராக்கெட்; இரண்டு செயற்கைக்கோள்களை விண்வெளியில் இணைத்துப் பார்க்கிற ஸ்பேடெக்ஸ் திட்டம். 9:58 என்று சொல்லிப் பிறகு 10 மணிக்கு மாற்றினார்கள். அதே கழி, அதே இடம், அமாவாசை இருட்டு. நாய்ஸ் ரிடக்‌ஷன் ஆஃப். மூன்று தடவை மெனுவைத் திறந்து பார்த்தேன். கடிகாரத்தைப் போனோடு சரிபார்த்தேன். இரண்டாவது பேட்டரி, காலி கார்டு, எல்லாம் எட்டரைக்கே தயார்.

சரியாக வடக்கே, எதிர்பார்த்த இடத்தில், எதிர்பார்த்த நேரத்தில் ஏறியது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கத்தத் தோன்றவில்லை. அடுத்து இது கழலும், அடுத்து அது பற்றும் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

படத்தில் கோடு எங்கேயும் அறுந்திருக்கவில்லை. ஆனால் மார்கழிப் பனி! ஒன்றரை மணி நேரம் திறந்து கிடந்த லென்ஸ் முழுக்க நீர் கோத்துவிட்டது. பாலில் ஊறப்போட்ட திரி மாதிரி ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை.

பெரியவரைத் தேடினேன். படகு இருந்தது, அவர் இல்லை. பண்டிகைக்கு மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாராம்.

#31 இருட்டறை
31 டிசம்பர் 2024, காலை 10:05

ரப்பர் வெந்நீர்ப் பையைப் பழைய காலுறைக்குள் போட்டு லென்ஸைச் சுற்றிக் கட்ட வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை கண்ணாடியை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், சிவப்பு டார்ச். 2022ல் மெனு, 2024ல் பனி. அடுத்தது என்னவோ.

#32 வானோடி
17 ஜனவரி 2025, இரவு 9:10

உப்பங்கழி, உங்கள் பால் திரிக்குள் இருந்த இரண்டு செயற்கைக்கோள்களும் நேற்று விண்வெளியில் ஒன்றோடு ஒன்று இணைந்துவிட்டன. தலா 220 கிலோ. அந்த ராக்கெட்டின் நான்காவது அடுக்கை மேலேயே சுற்றவிட்டு, அதில் காராமணி விதை முளைக்க வைத்தார்கள், இலைகூட விட்டது. அறுந்த கோட்டுப் படம் கூடத்தில் இருக்கிறதா?

#33 உப்பங்கழி
17 ஜனவரி 2025, இரவு 10:02

இருக்கிறது அக்கா. கீழே எதுவும் எழுதவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் ஏன் அறுந்திருக்கிறது என்று கேட்பார்கள். மைத்துனன் இருந்தால் அவனே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறான், இரண்டு புள்ளியையும் விரலால் தொட்டுக் காட்டி. கண்ணாடியில் அந்த இடம் மட்டும் எண்ணெய் ரேகையாக இருக்கிறது.

உடன்குடித் தம்பி, தங்க இடம் சொன்னீர்களே, அது நிஜம்தானே? நாலு பேர் வருவோம்.

#34 உடன்குடி_கருப்பட்டி
18 ஜனவரி 2025, காலை 6:30

பத்துப் பேர் வாருங்கள். மொட்டை மாடி காலியாகத்தான் கிடக்கிறது. வெந்நீர்ப் பை மட்டும் நீங்களே கொண்டு வந்துவிடுங்கள்.